ராஜினாமா சரி... ரிப்போர்ட் எங்கே சார்?

பெரம்பலூர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரம். கலெக்டர் ஆபீஸ் உண்டு, எஸ்.பி. ஆபீஸ் உண்டு, நாலு வழிச் சாலை உண்டு. ரயில்வே ஸ்டேஷன் மட்டும் கிடையாது! ரயில் ஏறணும் என்றால் அரியலூர் போகணும். விமானம் ஏறணும் என்றால் திருச்சி போகணும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, 'இறங்கிட்டேம்மா' என்று போன் வருகிற வரைக்கும் தூங்காத அம்மாக்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம்.

ஆகவே ரயில் கவிழ்ந்தாலும் விமானம் விழுந்தாலும் நாங்கள் பேப்பரைக் கொஞ்சம் கிட்ட வைத்துத்தான் படிப்போம். அப்படிப் படித்துப் படித்து ஒரு விஷயம் புரிந்தது. விபத்து முதல் பக்கத்தில் வரும். 'விசாரணைக்கு உத்தரவு' என்று இரண்டாம் நாள் வரும். விசாரணையில் என்ன தெரிந்தது என்பது மட்டும், தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை யாரோ கிழித்துக்கொண்டு போன மாதிரி, வரவே வராது!

இந்தக் கதை எங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறது.

மருதையாறு

1956 நவம்பர் 23. விடியற்காலை. நல்ல மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் விழுந்தது. என்ஜினும் முன்னால் இருந்த பெட்டிகளும் ஆற்றோடு போயின. இறந்தவர்கள் 140-க்கும் மேலே. சரியான எண்ணிக்கை? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. ஒன்றில் 142 என்பார்கள், இன்னொன்றில் 154 என்பார்கள். செத்தவர்களின் கணக்கே ஒரு நிலைக்கு வரவில்லை!

ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் ஐதராபாத் பக்கம் மெஹபூப்நகரில் ஒரு ரயில் விபத்து. 112 பேர் பலி. அப்போதே ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். 'விபத்துக்கு இவர் பொறுப்பு என்பதால் அல்ல, நல்ல முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதால் ஏற்கிறேன்' என்ற கருத்தில் பாராளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

துணை அமைச்சர் நம்ம ஓ.வி. அழகேசன். 1957 தேர்தலில் அவரைக் குறிவைத்து, எதுகை மோனையோடு ஒரு கோஷம் சந்து பொந்தெல்லாம் ஒலித்தது. அழகேசன் தோற்றுப்போனார்.

இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் அரியலூரில் வயசான ஒருத்தரிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் போகும்:

"சாஸ்திரி ராஜினாமா பண்ணாரே தம்பி... அந்த மாதிரி மனுஷன் இனிமே ஏது?"

"சரிங்கய்யா, பாலம் ஏன் போச்சு?"

"மழை தம்பி. வெள்ளம்."

"ராத்திரி அந்த மழையிலே லைனைப் பார்க்க ஆள் போனாங்களா? தண்ணி எவ்வளவு ஏறினா ரயிலை நிறுத்தணும்னு கணக்கு இருந்துச்சா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்!"

பாருங்கள். 'யார் போனார்' என்பது எழுபது வருஷமாக ஞாபகம் இருக்கிறது. 'எதனால் ஆச்சு' என்பது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அமைச்சரின் ராஜினாமா பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. பாலத்தின் கதை ஆற்றோடு போய்விட்டது.

இன்னொன்று. அரியலூர் தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தது 2007 நவம்பர் 23. அதே தேதி! ஐம்பத்தோரு வருஷம் முன்னால் அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று, விழாவுக்குத் தோரணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்ததோ!

சாஸ்திரியைக் குறை சொல்லவில்லை. அவர் கால்தூசி பெறாதவர்கள் எல்லாம் நாற்காலியில் பசை தடவி உட்கார்ந்ததைப் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி. அமைச்சர் வீட்டுக்குப் போனால் அடுத்த பாலம் பலமாகிவிடுமா? ராஜினாமா ஒரு பரிகாரம். பரிகாரம் வேறே, காரணம் வேறே.

ஒரு நாற்காலி செய்த வேலை

காரணம் வெளியே வந்தால் என்ன ஆகும்? அதற்கும் நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது.

2018 அக்டோபர் 12. திருச்சியிலிருந்து நடுராத்திரி தாண்டித் துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். பயணிகள் 130, சிப்பந்திகள் 6. ஓடுபாதை முடிந்தும் விமானம் போதுமான உயரத்துக்கு எழும்பவில்லை. ஓடுபாதை முனையில் இருந்த ஆன்டெனாவையும், ஏர்போர்ட் காம்பவுண்டு சுவரையும் இடித்துக்கொண்டே மேலே போனது. அடிவயிறு கிழிந்த நிலையில் நாலு மணி நேரம் பறந்தது. பிறகு மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள். 136 பேரும் பிழைத்தார்கள். அதை என்னவென்று சொல்வது? சமயபுரத்தாள் அன்றைக்கு நைட் டூட்டி பார்த்திருக்க வேண்டும்!

மறுநாள் டீக்கடைகளில் ஆளுக்கொரு தீர்ப்பு. 'பைலட் தூங்கிட்டான்' என்றார் ஒருத்தர். 'லோடு ஜாஸ்தி' என்றார் இன்னொருத்தர். 'சுவரை யாரு அங்கே கட்டச் சொன்னது?' என்றார் மூன்றாமவர்.

பிறகு விசாரணை அறிக்கை வெளியானது. அதிலே என்ன இருந்தது தெரியுமோ? விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கேப்டனின் சீட் முதுகுச் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்திருக்கிறது. விழப்போகிற மனுஷன் கையில் அகப்பட்டதைப் பிடிப்பான் இல்லையா? அவர் கை இருந்தது என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கிற லீவரில். ஆள் பின்னால் சாய, லீவரும் கூடவே பின்னால் வந்துவிட்டது. 98 சதவீதத்தில் இருந்த என்ஜின் அளவு சுமார் 77-க்கு இறங்கியிருக்கிறது. அதை யாரும் உடனே கவனிக்கவில்லை.

சுவருமில்லை, தூக்கமுமில்லை. ஒரு நாற்காலி!

ரிப்போர்ட் என்றால் இதுதான் சார். டீக்கடையில் நூறு பேர் உட்கார்ந்து நூறு நாள் பேசினாலும் அந்த நாற்காலி வெளியே வந்திருக்காது. அறிக்கை வந்ததால், எந்த ஊரில் எந்தக் கம்பெனி இந்த ரக விமானத்தை ஓட்டினாலும் 'நம்ம சீட்டு சரியா இருக்கா?' என்று குனிந்து பார்க்க ஒரு காரணம் கிடைத்தது.

கணக்கும் தணிக்கையும்

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஆடிட்டிங் பாடம் ஞாபகம் வரும். அதில் முதல் பாலபாடம்: கணக்கு எழுதியவனே அதைத் தணிக்கை செய்யக் கூடாது.

ரயில்வேயில் இது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. 1941-ல் ரயில்வே போர்டின் பிடியிலிருந்து ரயில்வே இன்ஸ்பெக்டர்களைப் பிரித்து வேறு இலாகாவில் வைத்தார்கள். ரயிலை ஓட்டுகிறவரும், ஓட்டினது சரியா என்று பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். அவர்கள்தான் பிற்பாடு ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் ஆனார்கள். அவர்கள் எந்த அமைச்சகத்தின் கீழே? விமானப் போக்குவரத்து அமைச்சகம்! சிரிக்காதீர்கள், நல்ல ஏற்பாடுதான்.

சரி, விமானம் விழுந்தால் விசாரிப்பது யார்? விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. 2012-ல் ஏற்படுத்தினார்கள். அது எந்த அமைச்சகத்தின் கீழே? ரயில்வே அமைச்சகம் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு லாஜிக் நன்றாக வருகிறது என்று அர்த்தம். விடை: அதே விமானப் போக்குவரத்து அமைச்சகம்!

பைலட்டுக்கு லைசென்ஸ் கொடுக்கும் டி.ஜி.சி.ஏ. அதன் கீழே. கண்ட்ரோல் டவரை நடத்தும் விமான நிலைய ஆணையம் அதன் கீழே. இவர்கள் யாரிடமாவது தப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய புலனாய்வுப் பிரிவும் அதன் கீழே. மாமியார் வீட்டுப் பஞ்சாயத்துக்கு மாமனாரே நாட்டாமை!

அமெரிக்காவில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று. விமானம், ரயில், கப்பல் எல்லாவற்றையும் அதுதான் விசாரிக்கும். 1975-லிருந்து எந்த அமைச்சகத்தின் கீழும் இல்லாத தனி அமைப்பு. முக்கியமான விபத்துகளில், காரணம் இதுதான் என்று வாரியம் முடிவு செய்கிற கூட்டத்தையே ஜனங்கள் பார்க்கலாம். திரட்டிய ஆவணங்களையும் பொதுவில் வைக்கிறார்கள். அங்கேயும் விமானம் விழத்தான் செய்கிறது. ஆனால் ஏன் விழுந்தது என்பது பரம ரகசியம் இல்லை.

பாதி சொன்னால் என்ன ஆகும்?

2025 ஜூன் 12. ஆமதாபாத்தில் லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் சில நொடிகளில் மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களில் ஒரே ஒருத்தர் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள்.

உலக நாடுகள் ஒப்புக்கொண்ட சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி, 30 நாளில் முதல்கட்ட அறிக்கை தயாராக வேண்டும். ஜூலை 12-ல் வெளியிட்டார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் உள்ளே? இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருள் போகிற ஸ்விட்சுகள், கிளம்பிய சில நொடிகளில் ஒன்றன்பின் ஒன்றாக 'கட்' நிலைக்குப் போயின. ஒரு விமானி மற்றவரிடம் ஏன் கட் செய்தாய் என்று கேட்டார். நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னார். கேட்டது யார், சொன்னது யார் என்பது இல்லை. பேச்சின் சொற்களும் அப்படியே இல்லை, சாராம்சம் மட்டும். முன்னே பின்னே என்ன பேசினார்கள் என்பதும் இல்லை.

அவ்வளவுதான்! உலகம் பூராவும் துப்பறியும் சாம்புகள் கிளம்பிவிட்டார்கள். இறந்துபோன விமானி தலையில் பழி. அவருடைய மனநிலை பற்றி முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் டி.வி.யில் ஆராய்ச்சி. வயதான தந்தை நியாயமான விசாரணை கேட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. 'உங்கள் மகன் மேல் பழி என்ற பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம், அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை' என்ற பொருளில் 2025 நவம்பரில் நீதிபதிகள் ஆறுதல் சொன்னார்கள்.

ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் வதந்தி. அரைகுறையாகச் சொன்னால் அதைவிடப் பெரிய வதந்தி.

ரயிலிலும் கதை இதேதான். 2023 ஜூன் 2-ல் ஒடிஷாவின் பாலசோர் அருகே விழுந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி. பலி 290-க்கும் மேலே. பாதுகாப்பு ஆணையர் ஒரே மாசத்தில் அறிக்கை கொடுத்துவிட்டார். வெளியிட்டார்களா? சி.பி.ஐ. விசாரணை நடப்பதால் வெளியிட மாட்டோம் என்றது ரயில்வே. ராஜ்ய சபாவில் கேள்வி எழுந்த பிறகு, சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நேர்ந்த கோளாறு என்று சில வரிகளில் பதில் வந்தது. ஆணையர் எழுதிய அறிக்கை ஃபைலுக்குள்ளேயே இருந்தது.

தகவல் உரிமைச் சட்டத்திலும் இதற்கு ஒரு சந்து இருக்கிறது. விசாரணைக்கு இடைஞ்சல் என்றால் தகவல் தர மறுக்கலாம். வெறுமனே 'விசாரணை நடக்கிறது' என்றால் போதாது, எப்படி இடைஞ்சல் என்று காட்ட வேண்டும் என 2007-லேயே டெல்லி ஐகோர்ட் சொல்லிவிட்டது. இருந்தாலும் என்ன? 'நடந்துக்கிட்டிருக்கு சார்' என்ற இரண்டு வார்த்தைக்கு நம் ஆபீஸ்களில் இருக்கிற மகிமையே தனி!

எதிர்க்கட்சி வாதம்

'எல்லாவற்றையும் கொட்டிவிட முடியுமா? சாகிற நேரத்துக் குரலை டி.வி.யில் போட்டு வியாபாரம் பண்ணுவார்களே' என்று கேட்பார்கள். நியாயம். சர்வதேச விதியே விமானிகளின் குரல்பதிவை அப்படியே வெளியிடாமல் காப்பாற்றத்தான் சொல்கிறது. விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றவாளியைப் பிடிப்பது அல்ல என்றும் சொல்கிறது. சொன்னால் ஜெயில் என்றால் எந்த மெக்கானிக் உண்மை சொல்வான்?

குரலை நாங்கள் கேட்கவில்லை சார். காரணத்தைக் கேட்கிறோம். திருச்சி அறிக்கையில் யாருடைய மானமும் போகவில்லை, நாற்காலிதான் அகப்பட்டது.

மறைத்தால் என்ன நஷ்டம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2010 மே 22-ல் மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலை மேட்டு ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. 158 பேர் பலி. அதன் பிறகு அரசு ஒரு பாதுகாப்பு ஆலோசனைக் குழு போட்டது. அதில் இருந்த சென்னைக்காரர், விமானி மோகன் ரங்கநாதன், 2011 ஜூனில் கடிதம் எழுதினார்: கோழிக்கோடும் அதே மாதிரி மேட்டு ஓடுபாதை, மழையில், பின்காற்றோடு, 10-ம் எண் ஓடுபாதையில் இறங்குவது ஆபத்து.

2020 ஆகஸ்ட் 7. கோழிக்கோடு. மழை. பின்காற்று. 10-ம் எண் ஓடுபாதை. துபாயிலிருந்து வந்த விமானம் தாண்டி விழுந்தது. 21 பேர் பலி. விமானி விதிமுறைப்படி இறக்கவில்லை, ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளி இறக்கினார் என்றது விசாரணை. அது சரிதான். ஆனால் ஒன்பது வருஷம் முன்னால் எழுதின கடிதம் ஊருக்கெல்லாம் தெரிந்தது எப்போது? விபத்து நடந்த பிறகு! அந்த எச்சரிக்கையும், அதற்கு அதிகாரிகள் சொன்ன பதிலும் முதலிலேயே பொதுவில் இருந்திருந்தால், டிக்கெட் வாங்குகிறவர் கேட்டிருப்பார், எம்.பி. கேட்டிருப்பார், விமானியும் அந்த ராத்திரி ஒரு தடவை கூடுதலாக யோசித்திருப்பார்.

மூன்றே மூன்று

ஒரு கம்பெனியில் ஒரே ஒரு ஷேர் வைத்திருந்தாலும் வருஷா வருஷம் ஆண்டறிக்கை நம்மைத் தேடி வரும். லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஆடிட்டர் எங்கே முகம் சுளித்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். நூறு ரூபாய் போட்டவனுக்கு அந்த மரியாதை. பிள்ளையையே அனுப்பி வைத்தவர்களுக்கு?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று, நாள். இறுதி அறிக்கையை முடிந்தவரை 12 மாதத்துக்குள் வெளியிட வேண்டும், முடியாவிட்டால் விபத்து நடந்த தேதியில் ஒவ்வொரு வருஷமும் நிலவரம் சொல்ல வேண்டும் என்பதுதான் சர்வதேச விதி. விமானத்துக்கு இருக்கிற அந்த விதியை ரயிலுக்கும் வையுங்கள். அறிக்கையைச் சுருக்காமல் முழுசாகப் போடுங்கள்.

இரண்டு, மொழி. அறிக்கைகள் இங்கிலீஷில், அதுவும் இன்ஜினீயர் இங்கிலீஷில் இருக்கின்றன. திருச்சி விமானத்தில் போனவர் வீட்டு அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நாலு பக்கம் தமிழில் தரக் கூடாதா?

மூன்று, பாக்கி. ஒவ்வொரு அறிக்கை முடிவிலும் 'இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள்' என்று சிபாரிசுகள் இருக்கும். எதைச் செய்தோம், எது பாக்கி, ஏன் பாக்கி என்று ஒரு பட்டியல் போட்டு ஏர்போர்ட்டிலும் ஸ்டேஷனிலும் ஒட்டுங்கள். 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை' போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால்கூடப் போதும்.

அமைச்சர் ராஜினாமா செய்தால் செய்யட்டும், செய்யாவிட்டால் போகட்டும். அது அவர் மனசாட்சி பாடு. பாலத்துக்கும் நாற்காலிக்கும் மனசாட்சி கிடையாது. அதற்கு நட்டும் போல்ட்டும்தான் உண்டு. எந்த நட்டு கழன்றது என்று சொல்லிவிட்டால் போதும், முடுக்குகிற ஆளைக் கேள்வி கேட்கிற வேலையை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்.